கெலிக்கு செவப்பு புண்ணு வந்தா உப்பா, பெர்மாங்கனேட்டா, மருந்து தீனியா?

பினாங்கு நிபோங் தெபால் பக்கம் கேன்வாஸ் தொட்டியில கெலி (கெளுத்தி மீன்) வளக்குற நம்ம ஆளுங்க, எந்த மருந்துண்ணே போடணும்னுதான் மொதல்ல கேப்பாங்க, நான் திருப்பி கேக்குறது ஒன்னுதான், மீனு இன்னும் தீனி திங்குதா?

திங்குதுன்னா மருந்து கலந்த தீனிதான். வயிறு உப்பி, துடுப்பு அடியில செவந்து, தோல்ல புண்ணு வந்தா பெரும்பாலும் ஏரோமோனாஸ், அது ரத்தத்துல பரவுற கிருமி, தண்ணியில எத ஊத்துனாலும் அதுகிட்ட போய் சேராது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் மலிவுன்னு எல்லாரும் அதையே வாங்குறாங்க, ஆனா குடல்ல கால்சியத்தோட ஒட்டிக்கிட்டு பெரும்பகுதி வீணா வெளிய போயிடும், அதனால மீன் கிலோவுக்கு நாளைக்கு 75 மில்லிகிராம் மாதிரி கொட்டணும். புளோர்பெனிக்கால் 10 மில்லிகிராம் போதும், 100 கிலோ மீனுக்கு 1 கிராம்தான் (தூளோட வெயிட் வேற, உள்ள இருக்குற மருந்து வேற, பாக்கெட்ட பாத்து கணக்கு போடுங்க). ரெண்டு வெள்ளி கூட போனாலும் நான் இதத்தான் சொல்வேன். எதுவானாலும் 10 நாள் முழுசா குடுக்கணும். போன வருசம் 4வது நாளே சாவு நின்னுடுச்சுன்னு நிறுத்துனேன், ரெண்டே வாரத்துல திரும்பி வந்துச்சு, அப்புறம் அதே மருந்துக்கு அசையவே இல்ல, பாக்கவே மனசு கேக்கல. அமெரிக்காவுல கெளுத்திக்கு புளோர்பெனிக்கால் நிறுத்தி 15 நாள், ஆக்ஸின்னா 21 நாள் கழிச்சுதான் அறுக்கலாம். குளோராம்பெனிக்கால் யாரு குடுத்தாலும் வாங்காதீங்க, சாப்புடுற மீனுக்கு அது தடை.

திங்கலன்னா மருந்து தீனி அடியில கெடந்து அழுகும், அவ்ளோதான். தண்ணிய மூணுல ஒரு பங்கு மாத்தி, 1000 லிட்டருக்கு 1லேருந்து 3 கிலோ உப்பு போடுங்க. உப்பு ஏரோமோனாஸ கொல்லாது, ஆனா புண்ணு வழியா உடம்பு உப்பு கரையறத கொறைக்கும், மீனு தெம்பாகி திங்க ஆரம்பிச்சா தீனிக்கு மாறலாம். கெலி மேல வந்து காத்து குடிச்சு எந்த தண்ணியிலயும் பொழச்சுக்கும், அதனாலயே நாம தண்ணிய பாக்குறதில்ல, அம்மோனியா ஏறி நோய் வருது.

பெர்மாங்கனேட் (தண்ணிய ஊதாவாக்குற தூள்) வாய்லயும் செவுள்லயும் பஞ்சு மாதிரி மஞ்சளா படியுற கொலம்னாரிஸுக்கு மட்டும், 1000 லிட்டருக்கு 2 கிராம். அழுக்கு தண்ணியில சட்டுனு பழுப்பாயிட்டா வேலை செய்யல, கூட போட்டா செவுளு வெந்துடும். கெத்தாபாங் (நாட்டு பாதாம்) இலைய நம்பி நாள கடத்தாதீங்க.

எந்த கிருமி, எந்த மருந்துக்கு கேக்கும்னு பாக்கணும்னா பெரிக்கானான் (மீன்வளத்துறை) ஆபீஸ்ல கேளுங்க, பத்து மாவுங்ல மீன் நோய் ஆராய்ச்சி மையமே இருக்கு. செத்து நாறுன மீன் வேணாம், சாகப்போற மீன உயிரோட, மருந்து போடுறதுக்கு முன்னாடியே கொண்டு போங்க.