கழுத்துக் கட்டிக்கு ஊசி: பிளியோமைசினா, பிசிபானிலா, டாக்ஸிசைக்ளினா?

என் மகளுக்குக் கழுத்தின் இடப்பக்கம் நிணநீர்க் கட்டி, அதாவது நிணநீர் தேங்கி நிற்கும் பை. பிறவியிலேயே வருவது, புற்றுநோய் இல்லை. கோத்தகிரியில் இருந்துகொண்டு இதற்கு வைத்தியம் பார்க்க முடியாது, கோவைக்கு இறங்க வேண்டும். முதலில் காட்டிய இடத்தில் எடுத்த எடுப்பில் ஆபரேஷன் என்றார்கள். பக்கத்தில் முக நரம்பு போகிறதே என்று கேட்டால் சரியான பதில் வரவில்லை. அடுத்துப் போன இடத்தில்தான் ஊசி பற்றிச் சொன்னார்கள்: குழந்தையை மயக்கத்தில் வைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே கட்டியின் நீரை உறிஞ்சிவிட்டு மருந்தைச் செலுத்துவது. உள்சுவர் புண்ணாகி ஒட்டிக்கொள்ளும், கட்டி சுருங்கும்.

எங்களுக்குப் போட்டது பிளியோமைசின். கேன்சர் மருந்து என்று தெரிந்ததும் மாமியார் அன்று சாப்பிடவில்லை. எடைக்கு ஏற்ற சின்ன அளவுதான் போடுகிறார்கள். ஆனாலும் நுரையீரலைக் கெடுக்கக்கூடிய மருந்து என்பதால் மொத்த அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிகிராம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். பின்னாளில் வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் அந்த டாக்டரிடமும் அதைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று, தோல். இந்த மருந்துக்குப் பிறகு சொறிந்த இடம், பிளாஸ்டரைப் பிய்த்த இடம் கருத்துக் கோடு விழலாம். நம் மலைக் குளிரில் கம்பளி ஸ்வெட்டர் கழுத்தை உரசாமல் இருக்குமா? உள்ளே மெல்லிய பருத்தித் துணி சுற்றித்தான் போட்டுவிட்டேன். ஈசிஜி ஸ்டிக்கரை எண்ணெய் தடவி மெதுவாக எடுக்கச் சொல்லி நர்ஸிடம் சண்டையே போட்டேன்.

பிசிபானில் என்பது ஓகே-432 என்ற மருந்தின் விற்பனைப் பெயர். 1987-இல் ஜப்பானில் ஒகிதா குழுவினர் இந்தக் கட்டிக்குப் போட்டுப் பார்த்து எழுதியது. கொன்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியில் செய்வது, தயாரிப்பில் பென்சிலின் சேருவதால் பென்சிலின் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு ஆகாது. பெரிய அறைகள் (கட்டிக்குள் நீர் நிற்கும் பைகள்) கொண்ட கட்டிக்கு நல்ல பலன் என்று பெயர். பிளியோமைசின் மாதிரி நுரையீரல் பயம் இதில் இல்லை. ஆனால் சில நாள் காய்ச்சலும் வீக்கமும் வரும். எங்கள் டாக்டர் அதைத் தவிர்த்ததற்குக் காரணம் அந்த வீக்கம்தான்: கட்டி மூச்சுக்குழாய் பக்கம் இருந்தது.

டாக்ஸிசைக்ளின் சாதாரண ஆன்டிபயாடிக்தான். எங்கள் வார்டில் ஒரு கைக்குழந்தைக்குப் போட்டார்கள், ராத்திரி முழுக்க அழுகை. வலி அதிகம் என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். பச்சிளம் குழந்தைகளுக்குச் சர்க்கரை இறங்கலாம் என்பதால் அடிக்கடி குத்திப் பார்த்தார்கள். முளைக்கும் பற்களில் கறை படியலாம் என்ற பேச்சும் உண்டு.

மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த மருந்து என்பதோடு, ஊசிக்குப் பிறகு வீங்கினால் எவ்வளவு நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வீர்கள் என்பதையும் டாக்டரிடம் பேசுங்கள். டிஸ்சார்ஜ் ஆன அன்றே வண்டி ஏறத் துடித்தார் என் வீட்டுக்காரர். தேயிலை பறிக்கும் சீசன், அவர் அவசரம் அவருக்கு. நான் மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் தங்கிவிட்டேன். மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால் அப்புறம் யாரைக் கூப்பிடுவது?

பலன் உடனே தெரியாது. வாரக்கணக்கில் சுருங்கும், சில வாரம் இடைவெளி விட்டு மறுபடி போடுவார்கள். நடுவில் சளி பிடித்தபோது கட்டி முன்னைவிடப் பெரிதாகி எங்களைக் கதிகலக்கியது, தானே இறங்கியும்விட்டது. இப்போது சட்டைக் காலர் போட்டால் தெரியவில்லை. மருந்து விலை பெரிதில்லை. ஸ்கேன், மயக்க மருந்து, தியேட்டர் வாடகை, இவைதான் பணத்தைத் தின்றன.

எங்களுடையது பெரிய அறைகள் கொண்ட கட்டி. பொடி அறைகளாக இருந்தால் எந்த ஊசியும் இந்த அளவுக்குக் கேட்காது. அப்படி இருந்தால் சிரோலிமஸ் என்ற வாய்வழி மருந்து பொருந்துமா என்றும் கேட்டுப் பாருங்கள்.