20 கம்ப்யூட்டருக்கு 18,000 ரூபாய், உள்ளே இருந்தது ஒரே கீ

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் மொத்தமாக ஓ.எஸ். போடக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அல்சூரில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரின் 20 டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் 11 ப்ரோ. மெஷினுக்கு 900 வீதம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்.

நம்ப வைத்த விதம் அப்படி. கீ, அதாவது விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் லைசென்ஸ் குறியீடு, அச்சடித்த அட்டை 20, எங்கள் கண்ணெதிரே எண்ணிக் கொடுத்தார் கடைக்காரர். செட்டிங்ஸைத் திறந்து 'ஆக்டிவ்' என்று வந்திருப்பதைக் காட்டி, "ஒரிஜினல் சார், லைஃப்டைம்" என்றார்.

ஆறு மாதம் போனதும் ஒவ்வொரு ஸ்கிரீனிலும் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்'. கமாண்ட் ப்ராம்ப்டில் லைசென்ஸ் விவரம் காட்டும் 'எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ' (slmgr /dli) கொடுத்ததும் குட்டு உடைந்தது. எல்லாவற்றிலும் 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்'. கீயின் கடைசி ஐந்து எழுத்து 20 மெஷினிலும் ஒன்றே. அட்டையில் இருந்த கீ ஒன்றைக்கூட அவர்கள் போடவில்லை! போட்டது மைக்ரோசாஃப்டே தன் தளத்தில் வெளியிட்டிருக்கும் பொதுக் கீ. அது லைசென்ஸே ஆகாது.

கேஎம்எஸ் என்பது சொந்த சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கானது. குறைந்தது 25 மெஷின் அந்த சர்வரைத் தொட்டால்தான் ஆக்டிவேஷனே நடக்கும். 180 நாளுக்குள் புதுப்பிக்கவும் வேண்டும். 20 மெஷினில் அது எப்படி நடக்கும்? போலி சர்வர் டூல் ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைப் பிடிக்காமலிருக்க அந்த ஃபோல்டரை, சோதிக்காமல் விடும் 'எக்ஸ்க்ளூஷன்' பட்டியலில் சேர்த்திருந்தார்கள். மாணவர்களின் ஆதார் நகல் கிடக்கும் மெஷின்கள் இவை! பணம் போனதைவிட இதுதான் வயிற்றெரிச்சல்.

போன் செய்தால் "நெட் ஸ்லோ, ரீஸ்டார்ட் பண்ணுங்க". அப்புறம் "நீங்க அப்டேட் போட்டதுதான் தப்பு". நேரில் போனால் கன்னடத்தில் "நாளே பன்னி சார்", அதாவது நாளைக்கு வாங்க. கடைசியில், மெஷினுக்கு 300 கொடுத்தால் பையனை அனுப்பி மறுபடி 'ஆக்டிவேட்' பண்ணித் தருகிறாராம். 18,000 விழுங்கியது போதாது, இன்னும் 6,000! பில்லில் பார்த்தால் 'சர்வீஸ் சார்ஜ்' என்று மட்டும்தான். லைசென்ஸ் என்ற வார்த்தையோ ஜிஎஸ்டி நம்பரோ இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் எல்லா மெஷினிலும் /டிஎல்ஐ பாருங்கள். 'ரீடெய்ல்' (தனியாக வாங்கியது) அல்லது 'ஓஇஎம்' (மெஷினோடு வந்தது) வர வேண்டும். 'எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர்' (slmgr /xpr) காலாவதித் தேதி காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். விண்டோஸ் 8-க்குப் பின் விண்டோஸோடு சேர்ந்தே வந்த பிராண்டட் மெஷின் என்றால் பெரும்பாலும் பயாஸிலேயே (மதர்போர்டு சிப்பிலேயே) கீ இருக்கும். அதே எடிஷனை (ஹோமா, ப்ரோவா என்பதை) பார்த்துப் போட்டால் போதும், தனியாக வாங்க வேண்டாம். ஏற்கெனவே மாட்டியவர்கள் டூலை மட்டும் அழித்துவிட்டு விடாதீர்கள், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கி, முழுசாக ஃபார்மட் பண்ணிப் போடுங்கள். புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.