டர்பன் வீட்டில் இரண்டு பூனைகள்: தெள்ளுப்பூச்சி, குடற்புழு மருந்துகள் பற்றி என் நீண்டநாள் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பூனை வளர்ப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெள்ளுப்பூச்சியை விட்டுவிட்டுப் குடற்புழு மாத்திரையை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தால், நாடாப்புழுவைப் பொறுத்தவரை மாத்திரைக்குக் கொடுத்த காசு தண்டம். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் தொல்லை அடங்கியது.

ஜோஹன்னஸ்பர்கில் இருந்தவரை இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. அங்கே குளிர்காலம் வறட்சி, விடிகாலையில் உறைபனி. தெள்ளுப்பூச்சி தானாகவே குறைந்துவிடும். டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்த பிறகு அந்தச் சலுகை போயிற்று. கடற்கரை ஈரத்தில், இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்திலும் அது பெருகுகிறது. "வெயில் காலத்துக்கு மட்டும் மருந்து" என்ற கணக்கு இந்த ஊருக்குச் சரிவராது.

எங்களிடம் இருப்பது இரண்டு பூனைகள். மிளகு கறுப்பு ஆண். இரவெல்லாம் ஊர் சுற்றி எலி பிடிப்பவன். சீனி வாசற்படி தாண்டாத பெண். மிளகின் வால் அடியில் அரிசிமணி மாதிரி ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்து வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) தூக்கிக்கொண்டு போனோம். அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியின் புழுப்பருவம் நாடாப்புழு முட்டையைத் தின்கிறது. வளர்ந்த பூச்சியைப் பூனை உடம்பை நக்கும்போது விழுங்குகிறது. புழு குடலில் வளர்கிறது. மாத்திரையில் உள்ள பிராசிகுவாண்டல் இருக்கும் புழுவைக் கொல்லும், அவ்வளவுதான். நாளைக்கு விழுங்கும் பூச்சியிலிருந்து வரும் புழுவை அது தடுக்காது. அதனால்தான் மாத்திரை கொடுத்து மூன்று வாரத்தில் மறுபடியும் அரிசிமணி தெரிகிறது. மருந்து போலி என்று பலர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான்.

கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் நாங்கள் பயன்படுத்திப் பார்த்தவை மூன்று. ஃப்ரண்ட்லைன் பிளஸ்ஸில் வளர்ந்த பூச்சியைக் கொல்லும் ஃபிப்ரோனிலோடு, முட்டை பொரியாமல் தடுக்கும் மெத்தோப்ரீனும் உண்டு. குடற்புழுவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ரெவல்யூஷனில் இருப்பது செலமெக்டின். தெள்ளுப்பூச்சி, காதுப்பேன், உருண்டைப்புழு, கொக்கிப்புழு எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் ஒரு முறை. நாடாப்புழுவை அது தொடாது. மூன்றாவது பிரவெக்டோ: பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை விட்டால் போதும். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். மூன்று மாதத்துக்கு வகுத்துப் பார்த்தபோது எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது.

என் தீர்ப்பு: சீனிக்கு ரெவல்யூஷன். மிளகைப் பிடிப்பதே பெரும்பாடு என்பதால் அவனுக்குப் பன்னிரண்டு வார மருந்து. அதோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரோன்டல் அல்லது மில்பிமேக்ஸ் குடற்புழு மாத்திரை. எலி தின்பவனுக்கு எலி வழியாக வரும் இன்னொரு வகை நாடாப்புழுவும் உண்டு, தெள்ளுப்பூச்சியை ஒழித்தாலும் அது வரும். டிரோன்டல் நாலு கிலோ எடைக்கு ஒரு மாத்திரை. அதனால் எடை பார்க்காமல் கொடுப்பதில்லை. டின் பில்சர்ட் மீனின் தக்காளிச் சாற்றைக் கழுவிவிட்டு, மசித்து, நடுவில் மாத்திரையை வைத்தால் முழுங்கிவிடுவான். கடித்துவிட்டால் போச்சு, அன்றைக்கு நம்மைக் கண்டாலே ஓட்டம்.

சொட்டு மருந்தை மண்டை ஓடு முடியும் இடத்தில், முடியை நன்றாகப் பிளந்து, தோலில் படும்படி விட வேண்டும். சற்றுக் கீழே போனாலும் நக்கிவிட்டு எச்சில் வடிப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் கசப்பால் வருவது.

இனி வீடு. பூனையின் மேல் நாம் பார்ப்பது மொத்தப் பூச்சிக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் கம்பளத்திலும் சோபா இடுக்கிலும் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி ஒரு நாளில் 40, 50 முட்டை வரை இடும். கூட்டுப்புழு இன்னும் மோசம்: எந்த ஸ்பிரேயும் அதைச் சரியாகத் துளைப்பதில்லை, மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், ஆள் நடக்கும் அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டால் வெளியே குதிக்கும். விடுமுறைக்குப் பூட்டிப்போன வீட்டுக்குள் நுழைந்ததும் கணுக்காலில் மொய்ப்பது இதனால்தான்.

ஆகவே வேக்குவம். கூட்டுப்புழுவை அதிர்வால் கிளப்பி, வெளியே வரும் பூச்சியை மருந்து போட்ட பூனையின் மேல் ஏறிச் சாக வைப்பதுதான் தந்திரம். லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த காலத்தில், கரன்ட் வந்ததும் சோறு வைப்பதா வேக்குவம் போடுவதா என்று வீட்டில் வாக்குவாதமே நடந்திருக்கிறது. படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தோம். பூச்சி வளர்ச்சியைத் தடுக்கும் ஸ்பிரேயைக் கம்பளத்துக்கு அடித்து, காயும்வரை பூனைகளை வேறு அறையில் அடைத்தோம். இவ்வளவு செய்தும் முதல் மூன்று மாதம் பூச்சி தென்பட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம். நிலைமை எப்படி என்று தெரிய, சீப்பில் வரும் கறுப்புத் தூளை ஈரமான டிஷ்யூவில் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்பாகப் பரவினால் அது பூச்சியின் கழிவு, அதாவது செரித்த ரத்தம்.

நாய் மருந்தைப் பங்கு பிரித்துப் பூனைக்கு விடவே விடாதீர்கள். சில நாய் மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரினைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, ஆடி மாதப் போரிட்ஜ் ப்ரேயருக்கு (கூழ் ஊற்றும் பூசைக்கு) வேம்பு என்று ஒடித்த கிளையில் மிச்சத்தைக் கொண்டுவந்து, "அரைச்சுப் பூசும்மா, ஒரு பூச்சி அண்டாது" என்றார். பாசத்துக்கு நன்றி சொல்லி வாங்கி வாசலில் செருகிவிட்டேன். அது வேம்பு இல்லை. இங்கே தானாக மண்டும் சிரிங்கா, விஷமுள்ள மரம். நல்ல வேப்பெண்ணெயையும் பூனைக்கு நான் பூசமாட்டேன், தன்னையே நக்கும் பிராணி அது.

சந்தையில் உதிரியாக விற்கும் சொட்டு மருந்துப் பிப்பெட்டுகளையும் தொடுவதில்லை. பெட்டியில் இந்த நாட்டின் 1947ஆம் ஆண்டு 36ஆம் சட்டப்படி (கால்நடை மருந்துகளையும் பதிவு செய்யும் சட்டம்) ‘ஜி’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணோ, மருந்துச் சட்டப்படியான பதிவு எண்ணோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவோம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கொக்கிப்புழுவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இந்தக் கடலோரத்தில் வெறுங்காலில் மணலில் விளையாடும் பிள்ளைகளுக்குத் தோலுக்கடியில் கோடு கோடாக அரிக்குமே, சேண்ட்வோர்ம், அது பூனை, நாய் மலத்தின் வழியாக வருவதுதான். பிள்ளைகள் விளையாடும் மணல்தொட்டியை மூடி வையுங்கள்.

இப்போது ஆன்ட்டி வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது. உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போய்விடும் என்பதால், மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குட்டிகளுக்கான மருந்து தேவை. ரெவல்யூஷனை ஆறு வாரத்துக்கு முன்பு விடக்கூடாது, ஃப்ரண்ட்லைன் பிளஸ்ஸை எட்டு வாரத்துக்கு முன்பு. அதுவரை தெள்ளுப்பூச்சிக்குச் சீப்புதான். எடை பார்க்க அடுத்த வாரம் எல்லாரையும் ஒரே கூடையில் வெட்டிடம் கொண்டுபோகிறோம்.