ஜப்பானுக்கு ஆள் அனுப்பும்போது: இரண்டு நாள் வகுப்பா, மொழியா, கூடவே ஓர் ஆளா?

சென்னையிலிருந்து நாகோயா பக்கம் பொறியாளர்களை அனுப்பும் நிறுவனங்கள் வழக்கமாக யோசிப்பது மூன்று வழிகள். கிளம்பும் முன் இரண்டு நாள் பண்பாட்டு வகுப்பு, இல்லையென்றால் ஆறு மாதம் ஜப்பானிய மொழி, அதுவும் இல்லையென்றால் அங்கே போய்ச் சேர்ந்தபின் கூடவே இருந்து சொல்லித்தர ஓர் ஆள்.

இரண்டு நாள் வகுப்புதான் மலிவு. இருபது பேரை ஒரே அறையில் உட்கார வைத்துவிடலாம். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், சாப்ஸ்டிக்கைச் சோற்றில் குத்தி நிறுத்தக் கூடாது என்றெல்லாம் சொல்லித்தருவார்கள். சரிதான். ஆனால் இவற்றில் தவறினால் வெளிநாட்டுக்காரர்தானே என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நாம் மாட்டுவது வேறு இடத்தில்.

எனக்கு நடந்த வகுப்பில் 'ஹோரென்சோ' பற்றி ஒரு ஸ்லைடு வந்தது. ஹோகோகு, ரென்ராகு, சோதான்: நடந்ததைச் சொல், தகவலைப் பகிர், முடிவுக்கு முன் கலந்து பேசு. நோட்டில் எழுதிக்கொண்டேன். அங்கே போன ஆறாவது வாரம் ஒரு டிராயிங் தாமதமானது. வெள்ளிக்குள் முடித்துவிடலாம் என்று செவ்வாயிலிருந்து வாயே திறக்கவில்லை. மேலதிகாரியைத் தொந்தரவு செய்யாமல் முடித்துக்காட்டுகிறவன்தான் கெட்டிக்காரன் என்று இங்கே பழகியிருந்தேன். அங்கே தாமதம் பெரிய விஷயமில்லை. மூன்று நாள் சொல்லாமல் இருந்ததுதான் தப்பு. மேலாளர் சத்தம் போடவில்லை. மறுவாரத்திலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு என் மேசையருகே வந்து நின்றார். ஏன் வருகிறார் என்று புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது. அன்றைக்கே ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த மாதம் மிஞ்சியிருக்கும்.

அதனால் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. உள்ளூர்க்காரர் ஒருவர், வாரம் ஒரு மணி நேரம், முதல் மூன்று மாதம் போதும். கேள்வி முளைக்கும்போது பதில் பக்கத்தில் இருக்க வேண்டும். சாம்சங் 1990-இல் தொடங்கிய வட்டார வல்லுநர் திட்டத்தில் ஊழியர்களை ஒரு வருடம் வெளிநாட்டில் வேலையே தராமல் விட்டது. மொழியையும் மக்களையும் தெரிந்துகொள்வதுதான் அவர்கள் வேலை. எல்லோராலும் அப்படிச் செலவழிக்க முடியாது.

மொழி வகுப்பு? மூன்று மாதப் பயணத்துக்கு வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் விடவே கூடாது. வினை கடைசியில் வரும் மொழி என்பதால் தமிழ் பேசுகிறவருக்கு வாக்கிய அமைப்பு சீக்கிரம் பிடிபடும். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துதான் படுத்தும். ஆறு மாதத்தில் ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியின் முதல் படி என்5 வரும், நன்றாக உழைத்தால் அடுத்த படி என்4. மீட்டிங்கைப் பின்தொடர அது போதாது. ஆனாலும் "முஸுகாஷீ தெஸு நே", அதாவது "கஷ்டம்தான்" என்று ஒருவர் இழுத்தால் பெரும்பாலும் அது "முடியாது" என்பதாவது காதில் விழும்.

அப்புறம், மனைவியையும் அந்த மொழி வகுப்பில் உட்கார வையுங்கள். எரியும் குப்பை ஒரு நாள், பிளாஸ்டிக் வேறொரு நாள் என்று அங்கே பிரித்துப் போட வேண்டும். தப்பான நாளில் வைத்த எங்கள் பை, ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விடப்பட்டிருந்தது. அதில் இருந்ததைப் படிக்கத் தெரியாமல் அவள் பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.