"மோட்டார் போச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்: மும்பையில் அப்பாவின் தகர ரோபோவுக்கு நடந்தது

மும்பையில் பழைய பேட்டரி பொம்மை எதையாவது பழுது பார்க்கக் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். அந்தக் காலத்து ஜப்பான் தகர ரோபோ வீட்டில் இருக்கிறது என்றால் கட்டாயம் படியுங்கள்.

அப்பா கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டராக இருந்தவர். 1971-ல் கப்பல் கோபே துறைமுகத்தில் நின்றபோது அண்ணனுக்கென்று வாங்கிவந்த ரோபோ அது. ஓரடி உயரம் இருக்கும். ஹொரிகாவா கம்பெனி செய்தது, தகரத்தில் எஸ்.ஹெச். என்ற முத்திரை இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் நாலு எட்டு நடக்கும். பிறகு நிற்கும். நெஞ்சில் இரண்டு கதவுகள் திறந்து, உள்ளே விளக்கு மின்ன, துப்பாக்கிகள் படபடக்கும். இடுப்புக்கு மேலே உடம்பு மட்டும் சுற்றும். கதவை மூடிக்கொண்டு மறுபடி நடக்கும். இத்தனை வேலையையும் செய்வது உள்ளே இருக்கும் ஒரே ஒரு சின்ன மோட்டார். செம்பூர் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதை ஒருமுறை ஓட்டிக் காட்டாமல் விட்டதில்லை.

அப்பாவுக்கு இப்போது 84 வயது. கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். பொங்கல் அன்று பேரன் ரோபோவைத் தரையில் வைத்து சுவிட்சைப் போட்டான். உர்ர் என்று சத்தம் வந்தது, கால் நகரவில்லை. கையில் தூக்கிப் பிடித்தால் கால் ஆடியது, தரையில் வைத்தால் நின்றுவிட்டது. அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "மோட்டார் நல்லாத்தான் ஓடுது. பல்லுதான் வழுக்குது. பினியனப் பாக்கச் சொல்லும்மா."

பினியன் என்றால் மோட்டார் தண்டில் இருக்கும் குட்டிப் பல்சக்கரம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்க வேண்டும்.

பழைய பொருள் சேகரிப்பவர்கள் சிலரிடம் விசாரித்ததில் கிராண்ட் ரோடு பக்கம் ஒருவர் இந்த வேலை செய்கிறார் என்றார்கள். போனால் திருநெல்வேலிக்காரர். மும்பையில் இருபத்தைந்து வருடம் இருந்த பிறகும், நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும். அவர் ரோபோவைத் திறக்கவே இல்லை. சுவிட்சைப் போட்டு இரண்டு நொடி கேட்டார். "அக்கா, மோட்டார் போச்சு. ஜப்பான் மோட்டார் வரவழைக்கணும், 1,500 ஆகும்." அப்பா சொன்னதைச் சொன்னேன். "பெரியவருக்குக் கப்பல் நெனப்பு. இது பொம்மைக்கா, வேற விஷயம்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

மோட்டார் போய்விட்டால் சத்தம் எப்படி வரும்? இந்த ஒரு கேள்வியை நான் அங்கே கேட்கவில்லை.

இந்த ரோபோக்கள் நடப்பது எப்படி என்று தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மோட்டார் மிக வேகமாகச் சுற்றும், ஆனால் அதற்கு வலு கிடையாது. அதன் தண்டில் செருகிய குட்டிப் பல்சக்கரம்தான் பினியன். அது பெரிய சக்கரத்தைச் சுழற்றும், அதோடு ஒட்டிய சின்னச் சக்கரம் அடுத்த பெரிய சக்கரத்தைச் சுழற்றும். இப்படிப் படிப்படியாக வேகம் குறைந்து வலு கூடும். கடைசிச் சக்கரத்தின் இரு பக்கமும் மையம் விலகிய முளைகள் இருக்கும், அவைதான் கால்களை மாற்றி மாற்றித் தள்ளுகின்றன. பாதத்துக்கு அடியில் இருக்கும் உருளைகள் ஒரு பக்கம் மட்டுமே உருளும். கால் முன்னே போகும்போது உருளும், பின்னே இழுக்கும்போது பூட்டிக்கொண்டு உடம்பை முன்னே தள்ளும். எடை முழுதும் அந்த நேரத்தில்தான் பல்சக்கரங்கள் மேல் விழுகிறது. பிளாஸ்டிக் பினியன் வருடக்கணக்கில் இறுகிச் சுருங்கினால் நீளவாக்கில் விரிசல் விடும். விரிசல் விட்ட பினியன் தண்டைப் பிடிக்காது. தூக்கிப் பிடித்தால் சுமை இல்லை, கால் ஆடும். தரையில் வைத்தால் தண்டு மட்டும் சுற்றும், பினியன் நின்றுவிடும். எங்கள் வீட்டில் நடந்தது அச்சு அசல் இதுதான்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ரோபோவைத் திறந்து கியர் பெட்டியை வெளியே எடுத்து வைத்திருந்தார். "வேலை நடக்குது அக்கா." அப்புறம் இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு 4,200 கேட்டார், மோட்டார் விலை ஏறிவிட்டதாம். ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள என்னக்கா பில்லு" என்றார்.

கடை மேஜையில் அது ஓடியது. நடந்தது என்று சொல்ல மாட்டேன், தடதடவென்று ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டதுமே அப்பா நிமிர்ந்தார். "இது அந்தச் சத்தம் இல்லையே. யாரு மோட்டார மாத்துனா?" மூன்றாம் நாள் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் வந்தது, அதோடு சரி. நெஞ்சு விளக்குகள் முதல் நாளே போய்விட்டன.

மாட்டுங்காவில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தகர உடம்பின் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடிப்பவை சின்னச் சின்னத் தகர நாக்குகள். மெல்லிய கத்தியால் ஒருமுறை நிமிர்த்தி ஒருமுறை மடிக்கலாம், திரும்பத் திரும்ப மடக்கினால் முறிந்துவிடும். எங்கள் ரோபோவில் அவற்றைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு, அச்சிட்ட தகரத்திலேயே துளை போட்டு ஸ்க்ரூ அடித்திருந்தார்கள். பழைய மோட்டாரைக் காணோம். அந்த இடத்தில் பொம்மைக் கார்களில் வரும் சின்ன மோட்டார், சூட்டுப் பசையால் ஒட்டியது. எலக்ட்ரானிக் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோட்டில் அதே மாதிரி மோட்டாரை 30 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

இன்னும் மோசமானது பேட்டரி. இந்த ரோபோவுக்கு 1.5 வோல்ட் பெரிய டார்ச் செல் இரண்டு போடுவோம், மொத்தம் 3 வோல்ட். கிராண்ட் ரோடு கடைக்காரர் அதை எடுத்துவிட்டு லித்தியம் செல் ஒன்றை வைத்திருக்கிறார். அது முழுதாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட் இருக்கும். அதனால்தான் பல்புகள் எரிந்துபோயின. சுமை இல்லாவிட்டால் அந்த மோட்டார் 3 வோல்ட்டிலேயே நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் போகும், அதற்கு மேலும் வோல்ட் கொடுத்து ஐம்பது வருடத்துப் பற்களோடு கோத்தால் பல் மழுங்காமல் என்ன செய்யும்? அந்த செல்லுக்குப் பாதுகாப்புச் சர்க்யூட்டும் இல்லை. கம்பி இரண்டும் உரசியிருந்தால் தீப்பிடித்திருக்கலாம். பேரன் அதை மடியில் வைத்து விளையாடினான்.

வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். மோட்டார் தண்டில் இருந்த குட்டி வெள்ளைப் பினியனில் தலைமுடி போல ஒரு கோடு. விரிசல். அந்த ஒன்றை மாற்றியிருந்தால் போதும், மோட்டாரைத் தொடவே வேண்டாம் என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடி அப்பா காதால் கண்டுபிடித்தது அது. பழுது பார்த்தவர் தம் கையாலேயே அதைப் படமும் எடுத்திருக்கிறார்.

ஆகவே கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை தூக்கிப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். மோட்டார் சத்தம் சீராக வந்தால், பழுது பெரும்பாலும் மோட்டாருக்குப் பிறகு வரும் பல்சக்கரங்களில்தான். சத்தமே இல்லை என்றாலும் மோட்டாரைக் குறை சொல்லும் முன் பேட்டரி தொடும் தகடுகளைப் பாருங்கள், செல் கசிந்து அங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கலாம். மெல்ல முனகி நின்றால் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கலாம், சுத்தம் செய்தாலே ஓடும். திறந்து பார்க்காமல் காரணம் சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். கழற்றிய பாகம் அத்தனையும், உடைந்ததாக இருந்தாலும், திரும்பி வரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பழைய மோட்டாரும் கியர் பெட்டியும் அசலாக இருந்தால்தான் இந்த ரோபோக்களுக்கு முழு மதிப்பு. கொடுக்கும் நாளில் நாலு பக்கமும், அடிப்பாகமும் படமெடுத்து, ஓடும் சத்தத்தோடு ஒரு வீடியோவும் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை.

பழைய மோட்டார் எங்கே என்று கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "குப்பைல போட்டாச்சுக்கா." அவர் அதை உதிரிப் பாகமாக விற்றிருப்பார் என்பது என் சந்தேகம். பணத்தைக் கேட்டதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நடந்து இரண்டு வருடத்துக்குள் அங்கே போகலாம், இந்த மாதிரிச் சின்னத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. பில் இல்லாததால் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அந்தப் படத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

பணத்தைத் தராவிட்டாலும் அந்த மோட்டாரைத் திருப்பிக் கொடுங்கள் என்று அண்ணன் எண்ணிலிருந்து ஒரு செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது. பதில் வரவில்லை. காலையில் காபி குடிக்கும்போது அப்பா தினமும் கேட்கிறார், "அந்தத் தம்பி ஏதாவது சொன்னாராம்மா?"