கார்டு விதி மாறுகிறதா? மெயிலா, எஸ்எம்எஸ்ஸா, டெலிகிராமா

கிரெடிட் கார்டு வாங்கும்போது காட்டிய சலுகைகள் வாங்கிய பிறகும் அப்படியே இருப்பதில்லை. ஏர்போர்ட் லவுஞ்சுக்குக் குறைந்தபட்சச் செலவு கேட்பார்கள், வாடகை கட்டினால் கட்டணம் வரும், வாலட் செலவுக்குப் பாயின்ட் நின்றுபோகும். இந்த மாற்றங்கள் காதுக்கு எட்ட நாலு வழி உண்டு. என் ஓட்டு மெயிலுக்கு.

எஸ்எம்எஸ் செலவு எச்சரிக்கைக்கு மட்டும்தான் அரசன். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்துவிட்டால், வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு அந்த நஷ்டத்தில் பொறுப்பு இல்லை என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. அதற்கு உடனே வந்து விழும் எஸ்எம்எஸ்தான் சரி. விதிமாற்றத்துக்கு அது போதாது. 160 எழுத்துக்குள் என்ன சொல்ல முடியும்? "விவரத்துக்கு இந்த லிங்க்" என்று முடித்துவிடுவார்கள், மோசடிக்காரர்கள் அனுப்புவதும் அதே வடிவில்தான் இருக்கும்.

ஆப் நோட்டிபிகேஷனை ஒருமுறை தள்ளிவிட்டால் போச்சு. ஆண்ட்ராய்டில் நோட்டிபிகேஷன் ஹிஸ்டரியை முன்பே ஆன் செய்திருந்தாலும் 24 மணி நேரம்தான் இருக்கும்.

வேகத்தில் டெலிகிராம் சேனல்களை அடிக்க முடியாது. வங்கியின் இணையதளத்தில் பிடிஎஃப் ஏறியதுமே அங்கே பேச்சு தொடங்கிவிடும். ஆனால் நம்மிடம் இருக்கும் வகைக்கு அந்த மாற்றம் பொருந்துமா என்று யாரும் சொல்வதில்லை, பாதிப் பதிவுகள் ரெஃபரல் லிங்க், அதாவது நாம் அதன் வழியே கார்டு வாங்கினால் பதிவிட்டவருக்குப் பலன்.

மெயிலைத் தேர்வு செய்யக் காரணம் ஒன்றே ஒன்று: தேதியோடு கையில் நிற்கும் ஆதாரம். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, வட்டி தவிர்த்த கட்டணங்களை மாற்ற ஒரு மாதமாவது முன்னறிவிப்பு தர வேண்டும். மாற்றம் நமக்குப் பாதகமாக இருந்தால், பாக்கியைத் தீர்த்துவிட்டு, தனிக் கட்டணம் இல்லாமல் கார்டை மூடலாம். மூடக் கேட்டு 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால், நிலுவை இல்லாதவருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும். எந்தத் தேதியில் சொன்னார்கள், எப்போதிலிருந்து அமல் என்பதை இரண்டு வருடம் கழித்தும் தேடி எடுத்துக் காட்ட மெயிலில்தான் முடியும்.

ஆனால் பராமரிக்காத மெயில் குப்பைத்தொட்டி. தினம் வரும் ஆஃபர்களோடு விதிமாற்ற அறிவிப்பும் ஜிமெயிலின் 'ப்ரமோஷன்ஸ்' என்ற விளம்பரப் பிரிவில் புதைந்துவிடும். எரிச்சலில் ஒரு ஆஃபர் மெயிலை ஸ்பேம் என்று குறித்தால், அதே முகவரியிலிருந்து வரும் அறிவிப்பும் ஸ்பேமுக்கே போகலாம். ஆஃபர் வேண்டாமென்றால் அன்சப்ஸ்கிரைப் மட்டும் செய்யுங்கள்.

விதிமாற்ற மெயிலைத் தானாகப் பிரித்தெடுக்க ஜிமெயிலில் ஃபில்டர் போடலாம்; அதற்குக் கணினி பிரவுசர் வேண்டும், மொபைல் ஆப்பில் அந்த வசதி இல்லை. தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தி, அனுப்புநர் கட்டத்தில் வங்கியின் டொமைனையும் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வருவது), சொற்கள் கட்டத்தில் ரிவிஷன், சேஞ்ச், டெர்ம்ஸ் என்பவற்றை ஆங்கிலத்தில், இடையில் பெரிய எழுத்தில் 'ஆர்' (OR) இட்டும் கொடுங்கள். பிறகு 'ஸ்பேமுக்கு அனுப்பாதே', 'பிரைமரி' இரண்டையும் தேர்ந்து, தனி லேபிளும் ஒட்டுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் டொமைன். 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் டாட் பேங்க் டாட் இன் (.bank.in) முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. பழைய டொமைனை மட்டும் வைத்துப் போட்ட ஃபில்டர் புதிய முகவரியிலிருந்து வருவதைப் பிடிக்காது, இரண்டையும் சேருங்கள். எஸ்பிஐ கார்டு போன்றவை வங்கி அல்ல, என்பிஎஃப்சி, அதாவது வங்கியல்லாத நிதி நிறுவனம். அவற்றிடம் அந்த முகவரியை எதிர்பார்க்க வேண்டாம்.

கார்டில் பதிந்திருப்பது பழைய ஆபீஸ் மெயிலா என்றும் பாருங்கள். வேலை மாறியதும் அந்த இன்பாக்ஸ் போய்விடும், வங்கி மட்டும் அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கும்.

நாம் கொடுத்த சொல் இணையத்தில் புதிதாக வந்தால் மெயிலில் சொல்லும் கூகுள் அலர்ட்ஸையும் துணைக்கு வைக்கலாம்: கார்டின் முழுப் பெயரை மேற்கோள்குறிக்குள் கொடுத்து, வாரம் ஒருமுறை என்று அமைத்தால் போதும். தினமும் என்று வைத்தால் 'சிறந்த 10 கார்டுகள்' கட்டுரைகளாகக் குவியும்.