புதிய பறவை: புதுப்பித்த வட்டு வந்தால் எதைப் பார்த்து வாங்குவது?

'புதிய பறவை' ஒழுங்காகப் புதுப்பித்த வட்டாக வரவேண்டும் என்ற ஆசை நீலகிரிக்காரர்களுக்குக் கூடுதலாகவே உண்டு. 1964-ல் தாதா மிராசி இயக்கிய இந்தப் படம் கப்பலில் தொடங்கி, ஊட்டி பங்களாவுக்கு வந்துதான் முடிச்சை இறுக்குகிறது. ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் ஒரு காலத்தில் விற்ற 'மூன்று படம், ஒரே டிவிடி'யில் மட்டும் பார்த்தவர்கள் இதைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

இரட்டை அடுக்கு டிவிடியில் இருப்பது 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் ஏற்றினால் படத்தின் ஒவ்வொரு நொடிக்கும் 7.5 மெகாபிட் தரவு கிடைக்கும். மூன்றைத் திணித்தால் 2.5 தான். இருட்டுக் காட்சியில் கறுப்பு கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். இரட்டை அடுக்கு புளூரேயில் 50 ஜிபி இடமிருக்கிறது. ஒரு படத்துக்குத் தாராளம்.

ஆனால் இடம் மட்டும் போதாது. எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்பதே முதல் கேள்வி. இது ஈஸ்ட்மென் கலர் படம். அந்தக் காலத்துப் பிரிண்ட்டில் முதலில் வெளுப்பது நீலப்பச்சைச் சாயம். அது போனால் மிஞ்சுவது செம்மை. வெள்ளைச் சட்டைக் காலர், மலைமேல் மேகம், எல்லாமே ரோஸ் கலராகிவிடும். அதைக் கணினியில் நீலத்தை ஏற்றிச் சமாளித்தால் நிழல்கள் நீலம் பாய்ந்து, முகங்கள் மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆகும். ஊட்டி இந்துநகரில் ஃபிலிம் தயாரித்த எச்.பி.எஃப். (ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) ஆலையில் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சூடும் ஈரமும் ஃபிலிமுக்கு எமன். மூல நெகட்டிவிலிருந்து எடுத்தது என்று அட்டையில் இருந்தால் நம்பி வாங்கலாம். வெறும் 'ரீஸ்டோர்டு' என்று மட்டும் இருந்தால் பொறுங்கள்.

இன்னொரு கெடுதல், ஃபிலிமில் இயல்பாகவே தெரியும் மணிமணியான நுண்புள்ளிகளை, அதாவது கிரெயினை, அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுவது. சரோஜாதேவியின் முகம் மெழுகுபோல் வழவழக்கும், புடவைச் சரிகை மங்கிப்போகும். கிரெயின் தெரிந்தால் குறை சொல்லாதீர்கள், அதுதான் ஃபிலிம்.

இது அகலத்திரைப் படம் அல்ல; அதனால் இன்றைய அகலமான டிவி திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழ வேண்டும். தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை வந்ததே 1973-ல் 'ராஜராஜ சோழன்' படத்தில்தான். இந்தப் படம் திரை முழுக்க நிரம்பினால் மேலும் கீழுமாக உயரத்தில் 23 சதவீதம் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒலியில் கவனிக்க வேண்டியது ரயில். ரயிலைக் கண்டாலே சிவாஜி பதறுவதில்தான் கதையின் ரகசியமே இருக்கிறது. இரைச்சலை நீக்குகிறோம் என்று மேல்ஸ்தாயியை வெட்டினால் விசில் கூர்மை இழந்து குக்கர் சத்தம்போல ஆகிவிடும். குன்னூர் மலை ரயிலின் விசிலைத் தினமும் கேட்கிற காதுக்கு அது உடனே உறுத்தும். 5.1 என்ற பல ஸ்பீக்கர் முறையில் எதிரொலி கலந்த ஒலி இருக்கட்டும், கூடவே பழைய ஒற்றைத் தட ஒலியான மோனோவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்க வேண்டாம். நொடிக்கு 24 பிரேமை 25 ஆக ஓட்டிய 'பால்' (PAL) என்ற டிவி முறை டிவிடிகளில் ஐந்து நிமிடப் பாட்டு 12 நொடி முன்னதாகவே முடியும். 'எங்கே நிம்மதி'யில் டி.எம்.எஸ். குரல் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறி, சோகமே குறைந்துபோகும். புளூரேயில் 24 வேகமே இருக்கும் என்பது பெரிய நிம்மதி.

அட்டையிலும் மெனுவிலும் முடிவைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தால் வெளியிடுபவர்களுக்குக் கோடி புண்ணியம். சௌகார் ஜானகி வந்து நிற்கும்போது புதிதாகப் பார்ப்பவர் திடுக்கிட வேண்டும்.

வாங்கிய பிறகு நம் ஊர் ஈரத்தையும் சமாளிக்க வேண்டும். ஊட்டியில் ஆடி மழை, குன்னூர் கோத்தகிரியில் ஐப்பசி மழை. இரண்டிலும் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. குளிரில் கிடந்த பிளேயரை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் கோத்து, வட்டைப் படிக்காது. ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் போடுங்கள்.